மக்கு வீட்டில் ஒரு ஆபீஸ்

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர். ஹீட்டர் வாங்க வேண்டும் என்று மார்கழியில் புலம்பியது நான்தானா?

அம்பத்தூர் ஆபீஸை மூடுவது உறுதி. இந்த மாதத்தோடு சரி. அப்புறம் எல்லாரும் சென்னையின் அந்தக் கோடியில் இருக்கும் ஓ.எம்.ஆர். கட்டடத்துக்கு வர வேண்டுமாம். வாய் கூசாமல் சொல்கிறார்கள். திருநின்றவூரில் ரயில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் அம்பத்தூர் வந்துவிடும். ஓ.எம்.ஆர். என்றால் ஒரு ரயில், இன்னொரு ரயில், அப்புறம் பஸ். மதியத்திலிருந்து இரவு ஒன்பது வரை லண்டன் கிழவிகளோடு போனில் ஆஸ்பத்திரி பில் பற்றிப் பேசுகிற வேலை. நான் எங்கே உட்கார்ந்து பேசுகிறேன் என்று கிழவிக்குத் தெரியவா போகிறது?

என்னால் போக முடியாது. அப்பா தனியாக இருப்பார். அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதே நான் இல்லாத மதியங்களில் சாப்பிடுவதில்லை. கேட்டால் "துன்னேனே பாப்பா." பானையைத் திறந்தால் வைத்த சோறு வைத்தபடி. ஓ.எம்.ஆர். போனால் ராத்திரியும் அப்படித்தான் ஆகும்.

வீட்டிலிருந்தே செய்யலாமா என்று டீம் லீடர் சுதா மேடத்திடம் கேட்டேன். நல்ல மனுஷி, ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"தனி ரூம் வேணும் மலர். கதவு இருக்கணும். சத்தம் கூடாது. நீங்க வேலை பார்க்கிறப்ப உள்ள வேற யாரும் வரக் கூடாது, நோயாளிங்க விவரம் எல்லாம் ஸ்கிரீன்ல இருக்கும்ல? ரெடி பண்ணி வீடியோல காட்டுங்க. இருபதாம் தேதி பார்த்துட்டு சொல்றேன்."

வீட்டில் இருப்பது ஹால், சமையல்கட்டு, நைட் ரூம். நைட் ரூம்தான். வேறு போக்கில்லை.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

சிலிண்டர் பதிய வேண்டும். அப்பாவுக்கு மூட்டுத் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டுவிட்டேன். தோசைக்கு நடுவில்.

"எத்துக்கோயேன். இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற? உன் ஊடு."

அவ்வளவுதான். வழக்கமாக நாலு தோசை. இன்று மூன்றோடு கை கழுவிவிட்டார்.

அவர் தந்தது ரூம் இல்லை, தூக்கம். அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டினார். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலம் பூராவும் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க இருட்டு வேண்டும் என்று அம்மா அந்த ஜன்னல் கண்ணாடி முழுக்க பிரவுன் தாள் ஒட்டினாள். மைதா பசை. கிழிந்த இடத்தில் எல்லாம் மேலே இன்னொரு தாள். நைட் ரூம் என்ற பேர் அப்படித்தான் வந்தது. ரிட்டயர் ஆகி எத்தனையோ வருடம் ஆயிற்று, உடம்பு மட்டும் இன்னும் ஷிஃப்டில் இருக்கிறது. ராத்திரி ஹால் கட்டிலில் கொட்டக் கொட்ட விழிப்பு. மதியம் அந்த இருட்டில் பாயைப் போட்டால்தான் கண் அயரும்.

வீட்டு ஆபீஸ் அமைப்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்தேன். குறித்துக்கொண்டது:

- இயற்கை வெளிச்சம் (ஆமாம், பிரவுன் தாளில்)
- நல்ல நாற்காலி. பாதம் தரையில் படிய வேண்டும்
- திரை கண் மட்டத்துக்கு
- ஒரு சிறு செடி
- "வீட்டிலுள்ளோரிடம் உங்கள் வேலை நேரத்தை விளக்கிச் சொல்லுங்கள்"

கடைசியைப் படித்துச் சிரிப்பு வந்தது. ஷிஃப்ட் என்றால் என்ன என்று நான் எங்கள் அப்பாவுக்கு விளக்குவதா!

ஜூன் 11, புதன்

அம்பத்தூர் ஆபீஸில் சாமான்களை விற்கிறார்கள். வேலை செய்பவர்களுக்கு முதல் உரிமை. கல்யாண மண்டபம் காலி செய்வதுபோல மேஜைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என் நாற்காலியைத் தேடிக் கண்டுபிடித்தேன். இடது கைப்பிடியில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு இன்னும் இருந்தது. பக்கத்து சீட் பவானி பார்த்துவிட்டு, "ஏய், பத்து வருஷமா இதுல உக்காந்து முதுகு வலின்னு அழுத, காசு குடுத்து வாங்கறியா?" என்றாள். ஆமாம், வாங்குகிறேன். போ.

எங்கள் டீமுக்கு இங்கே இன்றே கடைசி, திங்கள் வரை லீவு. கீழே டீக்கடையில் கடைசி டீ. கடைக்காரர் கேட்கவே இல்லை, வழக்கம்போல சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கொடுத்தார். டீக்கடைக்கெல்லாம் அழுகிற ஆள் ஆகிவிட்டேன்.

நாற்காலி குட்டி யானை வேனில் வந்து இறங்கியது. அப்பா நடையில் வைத்தே அதில் குந்தி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஷோக்கா கீதே! இத்தினி நாளு இதுல குந்திக்கினா வேலை செஞ்ச? நாங்கல்லாம் எட்டு மணி நேரம் நின்னுக்கினே கெடந்தோம்." இன்னொரு சுற்று.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் இடி மட்டும். மழை ஆவடிப் பக்கம் போய்விட்டது.

இப்போது வெளியூரில் இருக்கும் தம்பி படித்த ஸ்டீல் டேபிள்தான் ஆபீஸ் டேபிள். உயரம் போதாது. அப்பா நாலு காலுக்கும் செங்கல் வைத்தார். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்து, "கல்லு மாரி கீது" என்றார். லேப்டாப்பை வைத்தேன். காபி டம்ளர் தானாக என்னை நோக்கி நகர்ந்து வந்தது. செங்கல் ஒன்று பாதி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா இப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

அவர் பாயையும் தலையணையையும் நானே ஹாலுக்கு எடுத்துப் போனேன். தலையணையில் இன்னும் அந்த மிஷின் எண்ணெய் வாடை. துவைத்துத் துவைத்தும் போகாத வாடை. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

நைட் ஷிஃப்ட் நாட்களின் பகல்கள். யாராவது கேட்டால் நம்ப மாட்டார்கள். காலை ஏழுக்கு அப்பா வருவார், டிபன் பாக்ஸில் கேன்டீன் பன். அவருக்குக் கொடுத்ததைச் சாப்பிடாமல் எனக்கும் தம்பிக்கும். அப்புறம் ரூம் கதவு சாத்திக்கொள்ளும். வீடு வாயை மூடும். பகலில் அம்மா குக்கர் வைக்க மாட்டாள், விசில் அடிக்கும் என்று. சோறு வடிப்பதுதான். சட்னியைப் பக்கத்து வீட்டுச் சாந்தி அக்காவின் மிக்ஸியில் அரைத்து வருவாள். என் கொலுசு மணிக்குள் பஞ்சு. டிவி உண்டு, சத்தம் கிடையாது. ஞாயிறு மதியப் படத்தைப் பார்த்துக்கொண்டே வசனத்தை நானும் தம்பியும் கிசுகிசுப்பாகப் போடுவோம். வில்லன் எல்லாம் என் பங்கு. பல வருடம் கழித்து அதில் ஒரு படத்தைச் சத்தத்தோடு பார்த்தேன். நாங்கள் போட்ட வசனம் எவ்வளவோ தேவலை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு இருமல் கேட்கும். ஒரே ஒரு இருமல். அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான், டிவி அலறும், கொலுசிலிருந்து பஞ்சைப் பிடுங்குவேன், அம்மா தம்பியைத் திட்ட ஆரம்பிப்பாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த திட்டு.

அந்த அமைதியை அப்போது எவ்வளவு வெறுத்தேன். இப்போது கிடைத்தால் தேவலை.

ஜூன் 14, சனி

தெருவில் சத்தம் கணக்கு எடுத்தேன். பழைய இரும்பு வண்டி, ஸ்பீக்கர். மீன்காரர், ஸ்பீக்கர். உப்பு வண்டி, அதற்கும் ஸ்பீக்கர். எதிர் பிளாட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள். நான் சின்னவளாக இருந்தபோது எதிரே வேலிக்காத்தான் புதர். இப்போது மூன்று மாடி.

சாந்தி அக்கா கறிவேப்பிலைக்கு வந்தாள். அம்மாவின் கூட்டாளி. சத்தத்துக்கு என்ன செய்வது என்று புலம்பினேன்.

"உங்கம்மா கீறப்ப இன்னா பண்ணுச்சு? கேட்டுல மக்கு மாட்டிச்சு. நீயும் மாட்டு."

மக்கை மறந்தே போயிருந்தேன்! தண்ணீர் மொள்ளும் சிவப்பு பிளாஸ்டிக் மக்கு. அப்பா தூங்கும்போது அம்மா அதை கேட்டுக் கம்பியில் கவிழ்த்து வைப்பாள். அதைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்க மாட்டார். தபால்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே போட்டுவிட்டுப் போவார். கோலமாவுக்காரர் எங்கள் வீடு தாண்டித்தான் வாயைத் திறப்பார். தெருவே எங்களை மக்கு ஊடு என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் அதுவே என் பட்டப்பேர் ஆகி, அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். "வேற கலர் மாத்தட்டுமா?" என்று கேட்டாள். சீரியஸாகத்தான் கேட்டாள்.

"அதெல்லாம் அப்போ அக்கா. இப்ப மக்கைப் பார்த்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?" என்றாள். கறிவேப்பிலையோடு கொத்தமல்லியும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 15, ஞாயிறு

தாள் கிழிக்கும் நாள். ஜன்னலில் ஆறு கண்ணாடி. பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல். வெந்நீர், பழைய கரண்டி, நகம். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை தாள்! தம்பியின் நோட்டு அட்டை, ரேஷன் கடைப் பை, ஏதோ கடையின் காலண்டர். மேல் கண்ணாடிகளைச் சுத்தம் செய்ததும் ரூமுக்குள் வெயில் விழுந்தது. சுவரில் அப்பா யூனிபார்ம் மாட்டும் ஆணி. அதற்குக் கீழே எண்ணெய்க் கறை. இந்த ரூமின் நிறம் வெளிர்பச்சை என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. கடைசிக் கண்ணாடிக்கு, கீழ் மூலையில் இருப்பதற்கு, கரண்டியை வைத்தேன்.

"அத்த வுடு பாப்பா."

"ஏம்பா? ஒண்ணு மட்டும் எதுக்கு?"

"அதுல ஓட்டை கீது பாரு."

குனிந்து பார்த்தேன். தாளில் பொட்டு அளவு ஓட்டை. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நாள் ஜன்னல் கதவு திறந்திருந்தபோது, சந்திலிருந்து கம்பிக்குள் கைவிட்டுத் தாளில் நான் ஹேர்பின்னால் போட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சந்தில் போய் அதில் கண்ணை வைப்பேன். அப்பா எழுந்துவிட்டாரா என்று பார்க்க. உள்ளே ஒரே இருட்டாக இருக்கும், ஒன்றும் தெரியாது. இருந்தாலும் தினமும் பார்ப்பேன். யாருக்கும் தெரியாத ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? வெளிய வெளிச்சம், உள்ள இருட்டு. ஓட்டைல டெய்லி ஒரு கண்ணு வரும். வந்தா சரி, பாப்பா ஊட்டுக்கு வந்துச்சுனு நெனச்சுக்குவேன். அப்பால ஒரு இருமல் உடுவேன்."

"அப்ப முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தியா?"

"கண்ணு வரங்காட்டியும் எங்க எந்திரிக்கறது?"

அதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீ போடப் போய்விட்டார். நான் கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்கிறாரே மனுஷன். அந்த ஒரு கண்ணாடியை விட்டுவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாம் பாழ்.

இன்று முதல் ஒத்திகை. இருபதாம் தேதி வரை வீட்டிலிருந்து செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மதியம் டீம் மீட்டிங், எல்லார் முகமும் திரையில். நன்றாகத்தான் போனது. நடுவில் சார்ஜர் வயரை ஹாலில் விட்டு வந்தது ஞாபகம் வர, "ஒன் மினிட்" என்று எழுந்து போனேன். ஒரே நிமிடம். வயர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. திரும்பி வந்தால் என் நாற்காலியில் அப்பா. பனியன், நெற்றி நிறைய விபூதி, கை இரண்டும் முட்டியில், நிமிர்ந்து. திரையையே காவல் காக்கிற மாதிரி. ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் சுதா மேடம் குரல்.

"சார், நீங்க யாரு?"

"நான் ரிலீவர்மா."

"என்னது?"

"பாப்பா எந்திரிச்சிப் போய்க்கீது. மிஷினு ஓடிக்கினே கீது பாரு, ஆளில்லாம உட்டுட்டுப் போவ முடியுமா? அதான் வந்து குந்தினேன்."

டீமே சிரித்தது. பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். சுதா மேடம் சிரிக்கவில்லை. அப்புறம் தனியாகக் கூப்பிட்டார். "மலர், எனக்குப் புரியுது. ஆனா ஸ்கிரீன் முன்னாடி வெளியாள் உக்காந்தா நான் என்ன எழுதறது? இருபதாம் தேதியும் இப்படி ஆச்சுன்னா ஓ.எம்.ஆர்.தான்."

அப்பாவிடம் கத்திவிட்டேன். "இது என்ன பாடி கம்பெனியாப்பா? யார் உன்ன உள்ள வரச் சொன்னது?"

"ரிலீவர் வராம நவுந்தா மெமோ குடுப்பான் பாப்பா..."

"குடுக்கட்டும்! இப்ப நீ உக்காந்ததுக்குத்தான் குடுக்கப் போறான்!"

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போய்விட்டார். முட்டி வலியோடு. யாருக்காக இந்தப் பாடு படுகிறேனோ அவரையே விரட்டியாகிவிட்டது. கெட்டிக்காரி.

ஜூன் 18, புதன்

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வந்தது. இன்வெர்ட்டர் தாங்கியது.

அப்பா ரூம் பக்கமே வரவில்லை. வேலைக்கு நடுவில் கதவைத் திறந்தால் வெளியே தரையில் டீ. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"ஏம்பா கூப்பிடல?"

"சத்தம் போடக் கூடாதுன்னியே."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கத்தினது தப்புப்பா. எனக்கு பயம். ஓ.எம்.ஆர். போகச் சொல்லிட்டா உன்ன யார் பாத்துக்கறது?" அவர் டம்ளரில் படிந்த ஆடையை எடுத்துப் போட்டார். "என்ன இன்னா பாத்துக்கறது, நான் இன்னா கொயந்தையா" என்றார். அப்புறம், "என்னிக்கு உனுக்கு அந்த டெஸ்ட்டு?" வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்றேன்.

சாயங்காலப் பிரேக்கில் காலிங் பெல். எதிர் பிளாட்டில் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். கையில் எங்கள் பாத்ரூம் மக்கு. பச்சை.

"ஏனுங்க, இந்த மக் உங்களுதுங்களா? கேட் மேல கெடந்துச்சுங்க. குரங்கு தூக்கிட்டு வந்துருக்கும்னு நெனச்சேன்."

அப்பா ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

செடி வாங்கவில்லை. சாந்தி அக்கா வீட்டு மணி பிளான்ட் ஒரு கொடி, ஹார்லிக்ஸ் பாட்டிலில். முழுச் செங்கல் ஒன்று கிடைத்தது, டேபிள் ஆடவில்லை. மேற்கு வெயில் திரையில் அடிக்கிறது, மேல் கண்ணாடிகளுக்கு அம்மாவின் பழைய காட்டன் புடவையை மடித்துக் கட்டினேன். வெளிச்சம் நீலமாக இறங்குகிறது. நன்றாக இருக்கிறது.

அப்பா ஒரு வாரமாக மதியம் தூங்கவே இல்லை. நாளை தேறிவிட்டால் தினமும் காலையில், இன்னும் இரண்டு புடவை கட்டி இருட்டாக்கி, இந்த ரூம் அவருக்கு. என் ஷிஃப்ட் மதியம்தானே. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

நாளை இட்லி போதும்.

ஜூன் 20, வெள்ளி

முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று மணி. கேமராவைத் திருப்பித் திருப்பி ரூமைக் காட்டினேன். கதவு, தாழ்ப்பாள், டேபிள், இன்வெர்ட்டர் பிளக். சுதா மேடம் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கடைசியாக, "இப்ப அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க, வெளிச் சத்தம் கேக்கறேன்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மீன்காரர் வரும் நேரம்.

வந்தார். தெருமுனையில் ஸ்பீக்கர் கேட்டது. "வஞ்சிரம், சங்கரா..." அடுத்த பெயர் வரவில்லை. நடுவில் பட்டென்று நின்றுவிட்டது. டைல்ஸ் அறுக்கிற சத்தமும் நின்றது. ஃபேன் மட்டும் சுற்றியது. மூடிய ஜன்னல் வழியாக, மெல்லிசாக, அப்பா குரல். "பாப்பா ஷிஃப்ட்ல கீதுபா." அப்புறம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் யாரிடமோ, "மக் மாட்டியிருக்குதுங்க, பாக்கலீங்களா?" மேடத்துக்கு அது கேட்டிருக்காது.

"மலர், லைன்ல இருக்கீங்களா? மியூட் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம். இருக்கேன்."

"திருநின்றவூர் இவ்ளோ அமைதியா? எங்க வீட்டைவிட நல்லா இருக்கே. சரி, ஓகே பண்றேன். திங்கள்லேர்ந்து இங்கயே பாருங்க. அது என்ன ஜன்னல்ல, ஒரு கண்ணாடி மட்டும் தாள் ஒட்டியிருக்கு?"

"அது... அப்படியே இருக்கட்டும் மேடம்."

போனை வைத்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்தேன். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் குக்கர் வைத்திருப்பாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை, இன்னும் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் போல. முடிந்துவிட்டது என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். எழுந்து திரும்பினேன்.

கீழ் மூலைக் கண்ணாடி, தாளில் அந்த ஓட்டை. ஓட்டையில் ஒரு கண். அது ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு சந்தில் எப்படிக் குனிந்தாரோ, எவ்வளவு நேரமாகக் குனிந்திருக்கிறாரோ.

ஒரு இருமல் விட்டேன்.